மாத்திரையை நிறுத்திய ஒன்பது நாட்கள்

ஆய்வுக்கூடத்து ஃப்ரிட்ஜின் மேல் தட்டில் வெள்ளை மூடி போட்ட சிறிய குப்பி ஒன்று இருந்தது. அதில் ஒட்டியிருந்த சீட்டில் மருந்தின் பெயர் மட்டும் இருந்தது. அதைப் படித்ததும் என் கை தானாகவே தோள்பைக்குப் போனது. பையின் உள் ஜிப்பில் மடித்து வைத்திருந்த மாத்திரை அட்டையின் பின்புறத்தில், பொடி எழுத்தில், அதே பெயர்.

பதினான்கு வயதிலிருந்து காலை ஒன்று, இரவு ஒன்று என்று நான் விழுங்கி வந்த மருந்து. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதே மாத்திரையைச் சாப்பிடும் யாராவது இதைப் பாதி படித்துவிட்டு, நான் செய்த காரியத்தையே செய்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது.

முதல் வலிப்பு ஒன்பதாம் வகுப்பில், கணக்குப் பரீட்சையின்போது வந்தது. எழுதிக்கொண்டிருந்த பேனா விடைத்தாளின் ஓரம் வரை ஒரு கோட்டை இழுத்துக்கொண்டு போனது மட்டும்தான் எனக்கு நினைவு. அப்பா அப்போதும் இப்போதும் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். அம்மா திருவானைக்காவலில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் யாருக்கும் இது தெரியக் கூடாது என்று அம்மா அன்றே முடிவு செய்துவிட்டாள். யாராவது மாத்திரையைப் பார்த்துக் கேட்டால், "ரத்தம் கம்மியா இருக்குன்னு சத்து மாத்திரை குடுத்திருக்காங்க" என்பாள். வலிப்பு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. 'அது' என்போம். "அது வந்து ரெண்டு வருஷம் ஆச்சு." "மாத்திரை போட்டுக்கிட்டே இருந்தா அது வராது."

நான் ஆய்வுப் படிப்பில் சேர்ந்தபோது, அது கடைசியாக வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. சேர்க்கைப் படிவத்தில், உடல்நலக் குறைபாடு ஏதேனும் உண்டா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். அந்த ஆய்வுக்கூடத்தின் வேலையே வலிப்பு நோயைப் பற்றியது. ஏன் இதில் சேர ஆசைப்படுகிறாய் என்று நேர்முகத்தில் கேட்டார்கள்.

"சுவாரசியமான சப்ஜெக்ட் மேடம்" என்றேன்.

கேள்வி கேட்டவர்தான் பிறகு என் வழிகாட்டிப் பேராசிரியர் ஆனார். மூளைச் செல்களுக்குள் கால்சியம் என்ன செய்கிறது என்பதைப் பதினெட்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருப்பவர். பாலிலும் எலும்பிலும் இருக்கிற அதே கால்சியம்தான். ஒரு மூளைச் செல் பக்கத்துச் செல்லுக்குச் செய்தி சொல்ல வேண்டுமானால், முதலில் அதற்குள் கால்சியம் நுழைய வேண்டும். அதற்கென்று செல்லின் மேல்சவ்வில் நுண்ணிய வாசல்கள் உண்டு. மின்துடிப்பு வந்து தட்டினால் வாசல் திறக்கும். கால்சியம் உள்ளே பாயும், செய்தி வெளியே போகும், வாசல் மூடிக்கொள்ளும். நாம் ஒரு பெயரை நினைவுகூர்வதற்கும், கையைத் தூக்குவதற்கும் இதுதான் நடக்கிறது. வலிப்பின்போது இந்த ஒழுங்கு கெட்டுப்போய், ஏராளமான செல்கள் ஒரே நேரத்தில் ஒரே கூச்சலைப் போடுகின்றன.

அதைக் கண்ணால் பார்க்க முடியும். எலியின் மூளைச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, கால்சியம் பட்டால் பச்சையாக ஒளிரும் சாயத்தை அவற்றுக்குள் ஏற்றி, இருட்டறையில் மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைப்போம். சும்மா இருக்கும் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மினுக்கும். அவை மிதக்கும் திரவத்திலிருந்து மக்னீசியத்தை எடுத்துவிட்டால் போதும், கொஞ்ச நேரத்தில் எல்லாம் சேர்ந்து பளிச்சென்று எரியும், சேர்ந்து அணையும், மறுபடி சேர்ந்து எரியும். மேடம் அதைப் 'புயல்' என்பார். முதல் தடவை அந்தப் புயலைப் பார்த்தபோது நான் நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். விடைத்தாளில் கோடு இழுத்தது இதுதான் என்று நினைத்தேன்.

இரண்டாம் வருடம் மேடம் அந்தக் குப்பியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"புயல் அடிக்கிற செல்லுக்கு இந்த மருந்தைப் போட்டுப் பாரும்மா. கொஞ்சமா ஆரம்பிச்சுப் படிப்படியா ஏத்து. கடைசி டோஸ் ரொம்ப அதிகம், மனுஷ உடம்புல அந்த அளவு வராது. எல்லை எங்கன்னு தெரிஞ்சுக்கறதுக்காக."

அவர் சொன்னதை நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'மனித உடலில் இந்த அளவு வராது' என்று என் கையெழுத்திலேயே, அடிக்கோடும் போட்டு இருக்கிறது.

முதல் அளவில் புயல் கொஞ்சம் மெலிந்தது. அடுத்ததில் ஒவ்வொரு தடவை எரிவதற்கும் நடுவே இடைவெளி விழுந்தது. கடைசி அளவை ஊற்றிய தட்டில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பச்சை மங்கிக்கொண்டே போய்த் திரை இருண்டுவிட்டது. விளக்கு அணைந்துவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தேன். சூடாக எரிந்துகொண்டிருந்தது. செல்கள் செத்துவிட்டனவோ என்று மருந்தைக் கழுவிவிட்டுப் பார்த்தேன். சிறிது நேரத்தில் ஒன்று மினுக்கியது. பிறகு இன்னொன்று. உயிரோடுதான் இருந்தன. மருந்து இருக்கிற வரைக்கும் ஊமையாக இருந்தன.

வெளியே வந்து வராந்தாவில் நின்றேன். பன்னிரண்டு வருடமாக, தினம் இரண்டு வேளை, இதைத்தானே என் தலைக்குள் ஊற்றிக்கொண்டிருக்கிறேன்?

அப்படித் தோன்றியதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த இரண்டு வருடமாகச் சொற்கள் என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. இளநிலை மாணவிகளுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கும்போது, கையில் இருக்கும் கருவியின் பெயர் வராமல் நின்றிருக்கிறேன். ஒரு பக்கத்தை மூன்று தடவை படித்தால்தான் தலையில் ஏறும். என் புத்தி அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அந்த இருண்ட திரையைப் பார்த்த பிறகு, என் புத்தியை யாரோ திருடிவிட்டார்கள் என்று ஆத்திரம் வந்தது. டாக்டரிடம் போய்க் கேட்டிருக்கலாம். மேடத்திடம் கேட்டிருக்கலாம். மேடத்திடம் கேட்டால் எனக்கு வலிப்பு என்று சொல்ல வேண்டும். டாக்டரிடம் போனால் அம்மாவும் கூட வருவாள். நான் யாரிடமும் கேட்கவில்லை. அன்றைக்கே நிறுத்திவிட்டேன்.

அம்மா முன்னால்தான் மாத்திரை போட வேண்டும் என்பது வீட்டு விதி. வாயில் போட்டு, நாக்குக்கு அடியில் ஒதுக்கி, தண்ணீர் குடித்துவிட்டு, வாஷ்பேசினில் போய்த் துப்பினேன். கசப்பு அரைமணி நேரம் இருக்கும். குழாயைத் திறந்துவிடுவேன், மாத்திரை கரைந்து சுழன்று போவதைப் பார்ப்பேன்.

நான்காம் நாளிலிருந்து தலை லேசானது போல இருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில் ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்துக்கொண்டு வந்தேன். காவிரிப் பாலம் தாண்டியதே தெரியவில்லை, அவ்வளவு வேகமாகப் படித்தேன். வகுப்பில் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. ஒரு மாணவி, "இன்னைக்கு நல்லாப் புரிஞ்சுது மேம்" என்றாள். அது மருந்து விலகியதாலா, நான் அப்படி நம்பியதாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சந்தோஷமாக இருந்தேன், அது மட்டும் நிஜம்.

ஒன்பதாம் நாள் முற்பகல். இருட்டறையில் என்னோடு ஜூனியர் ஒருத்தி இருந்தாள். எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஸ்கூட்டியில் வருபவள், என்னை அக்கா என்பாள். செல்களுக்குச் சாயம் ஏற்றிவிட்டு, தட்டை மைக்ரோஸ்கோப் மேடையில் பொருத்திக்கொண்டிருந்தேன். ரப்பர் கருகுவது போல ஒரு வாசனை. "ஏதாவது எரியுதா?" என்று அவளிடம் கேட்க வாயைத் திறந்தேன். என் வலது கட்டைவிரல் தனியாகத் துடித்துக்கொண்டிருந்தது. ஏழு வருடத்துக்குப் பிறகும் அது என்னவென்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது. அவள் பெயரைக் கூப்பிட்டேன் என்றுதான் நினைத்தேன். அப்படி ஒரு சத்தமும் வரவில்லை, மாடு கத்துவது போல ஒன்று வந்தது என்று அவள் பிறகு சொன்னாள்.

கண் விழித்தபோது டியூப்லைட் வெளிச்சம். தரை ஜில்லென்றிருந்தது. நாக்கின் ஓரம் கிழிந்து வாயெல்லாம் ரத்தம். நெற்றியில் யாரோ துணியை அழுத்திப் பிடித்திருந்தார்கள். என் வலது கைக்குள் கனமாக ஏதோ இருந்தது. விரலைப் பிரித்துப் பார்த்தால் வாட்ச்மேனின் சாவிக்கொத்து.

"அக்கா, என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லுங்க" என்று அவள் அழுதாள். எனக்கு வேண்டியவள் என்று தெரிந்தது. பெயர் வரவில்லை.

வாசலில் மேடம் நின்றுகொண்டிருந்தார். சுவரோடு சுவராக, முகத்தில் ரத்தமே இல்லாமல். நான் விழுந்ததும் ஓடி வந்திருக்கிறார். ஆனால் வாசலைத் தாண்டி உள்ளே வரக் கால் எழவில்லையாம். ஜூனியர் என் கைகளை அமுக்கிப் பிடித்து ஆட்டத்தை நிறுத்தப் பார்த்திருக்கிறாள். வாட்ச்மேன் இரும்புக்காக ஓடியிருக்கிறார். என்னை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், மேஜையை நகர்த்த வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நெற்றி மேஜைக் காலில் இரண்டு தடவை மோதியிருக்கிறது. வலிப்பைப் பற்றி ஒரு அலமாரி நிறையக் கட்டுரை வைத்திருந்த அறையில் இது நடந்தது.

கல்லூரி வேனில் தில்லை நகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னைப் பதினான்கு வயதிலிருந்து பார்க்கும் நரம்பியல் டாக்டர் அங்கேதான் இருந்தார். நெற்றியில் நான்கு தையல். அதற்குள் அம்மா பள்ளியிலிருந்து ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள். விரலில் சாக்பீஸ் தூள்கூட அப்படியே இருந்தது. என் நெற்றிக் கட்டைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற மேடத்தைப் பார்த்தாள்.

"பிபி லோ ஆயிருக்கும் மேடம். காலையில சரியா சாப்பிடல. இவளுக்கு ரத்தம் வேற கம்மி" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டே.

மேடம் மெதுவாக, "அம்மா, நான் பார்த்தேன்" என்றார்.

அம்மா பக்கத்திலிருந்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

டாக்டர் வந்தார். மருந்தின் அளவைப் பார்க்க என் ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். ஆனால் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "கடைசியா எப்ப மாத்திரை போட்டீங்க?" என்று கேட்டார்.

"இன்னைக்குக் காலையில போட்டா டாக்டர். என் முன்னாலதான்" என்றாள் அம்மா.

"உங்களைக் கேக்கலம்மா."

பொய் சொல்லத்தான் நினைத்தேன். கிழிந்த நாக்கு பேச விடவில்லை. ஒன்பது விரலைக் காட்டினேன். அம்மாவுக்குப் புரியவில்லை. "ஒன்பது மணிக்கா?" என்றாள். "ஒன்பது நாள்" என்றேன்.

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கிவிட்டாள். இருபத்தாறு வயதுப் பெண்ணை, தலையில் கட்டோடு படுத்திருப்பவளை. ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அந்தக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் கண்டதை டாக்டரிடம் சொன்னேன். திக்கித் திக்கி, எச்சில் ஒழுக. செல்கள் இருண்டுபோனது, அதே மருந்து, என் சொற்கள் போய்க்கொண்டிருந்தது எல்லாம். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

"வார்த்தை மறக்குதுன்னு என்கிட்ட ஒரு தடவைகூடச் சொல்லலையே. சில பேருக்கு அப்படி ஆகும். சொல்லியிருந்தா டோஸைப் பாத்திருக்கலாம், மருந்தையே மாத்தியிருக்கலாம். ஒரே நாள்ல நிறுத்துறதுதான் ஆபத்து. சரி, அந்தக் கடைசித் தட்டுல எவ்வளவு போட்டீங்க?"

சொன்னேன்.

"அவ்வளவு உங்க மூளைக்குப் போகணும்னா, நீங்க டப்பாவோட முழுங்கணும். நீங்க சாப்பிடற அளவு கால்சியம் வர்ற வாசலை அடைச்சுப் பூட்டாது. மடை திறந்த மாதிரி கொட்டறப்போ அதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான்." பிறகு கேட்டார், "புயல் இல்லாத செல்லுக்கு, சாதாரண அளவுல இதைப் போட்டுப் பாத்தீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள், கதவருகே நின்ற மேடம் சொன்னார்: "போட்டிருக்கா. அதே நாள் ஃபைல்ல இருக்கு. செல்லெல்லாம் பழையபடிதான் மினுக்கிட்டு இருந்துது. இவ அதைத் திறந்தே பாக்கல போல."

நெற்றி மோதியதைவிட அது எனக்கு அதிகமாக உறைத்தது. அந்தத் தட்டைப் பதிவு செய்தவள் நான்தான். என் கையால் பெயரிட்ட கோப்பு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே எடுக்கும் பதிவு அது, முதல் வருட மாணவிகூட அதைத்தான் முதலில் திறந்து பார்ப்பாள். இருண்ட திரையைப் பார்த்த பயத்தில் அதைத் திறக்காமலே விட்டிருந்தேன். திறந்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். இரண்டாம் நாள் அம்மா தன் தலைமையாசிரியைக்கு வராந்தாவிலிருந்து போன் செய்தாள். லீவு கேட்கத்தான். கதவு திறந்திருந்தது. "பொண்ணுக்கு வலிப்பு வந்திருச்சுங்க டீச்சர்" என்று அம்மா சொன்னது எனக்குக் கேட்டது. அந்தச் சொல்லை அவள் வாயால் நான் கேட்பது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவளே திகைத்துப்போய் நின்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "ஆமாங்க... ஒன்பதாவதுலேருந்து" என்றாள். உள்ளே வந்து ஒன்றும் நடக்காதது போலச் சாத்துக்குடியை உரித்தாள்.

பத்து நாள் கழித்து ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். மேடத்தின் மேஜையில் என் சேர்க்கைப் படிவம் இருந்தது.

"'இல்லை'ன்னு எழுதியிருக்க."

"தப்புதான் மேடம்."

"எனக்குக் கோவம்தான். நீ அந்த ரூம்ல தனியா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?" என்றவர், படிவத்தை மூடி ஒதுக்கி வைத்தார். "ஆனா உன்மேல மட்டும் கோவப்பட முடியல. பதினெட்டு வருஷமா இதைப் படிக்கறேன், பாடம் எடுக்கறேன். ஒரு மனுஷனுக்கு வந்து நான் நேர்ல பாத்ததே இல்ல. அன்னைக்கு என் கால் நகரல. அதை என்னால யார்கிட்டயும் சொல்ல முடியல."

அவர் உட்காரச் சொன்னார். பேனாவை எடுத்தார்.

"விழறதுக்கு முன்னாடி எப்படி இருக்கும்?"

அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. டாக்டர்கள் எத்தனை நிமிடம், எந்தக் கை என்று கேட்டிருக்கிறார்கள். எப்படி இருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. கருகிய வாசனையைச் சொன்னேன், கட்டைவிரல் என்னுடையதில்லாமல் போவதைச் சொன்னேன், நன்றாகத் தெரிந்த ஒருத்தியின் பெயர் நாக்குவரை வந்து நிற்பதைச் சொன்னேன். முதல் இரண்டு வரியை எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மருந்தை டாக்டர் உடனே மாற்றவில்லை. புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, நான்கு மாதம் ஆனது. இப்போது ஒரு வருடத்துக்கு மேலாக வலிப்பு இல்லை. சொற்கள் முழுக்கத் திரும்பிவிட்டன என்று சொல்ல மாட்டேன். முன்பைவிடப் பரவாயில்லை. வராத சொல்லுக்காகக் காத்திருக்க வகுப்பில் இப்போது வெட்கப்படுவதில்லை. மாணவிகளே எடுத்துக் கொடுக்கிறார்கள்.

போன மாதம் அம்மா ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். அவளே கேட்டு வந்தாள். இருட்டறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாட்டி, மறுபடி கழற்றி, ஒருவழியாகத் திரையைப் பார்த்தாள். மக்னீசியம் இல்லாத திரவத்தை ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் எல்லாச் செல்லும் சேர்ந்து எரிந்தன, அணைந்தன, எரிந்தன. அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கும் இப்படித்தான் ஆகுமாடி?"

"இதே மாதிரிதாம்மா. இன்னும் ரொம்ப நிறையச் செல்லு."

மருந்தை, சாதாரண அளவில், ஊற்றினேன். எரிவது தளர்ந்தது. அணைந்துபோகவில்லை. பளிச்சென்று சேர்ந்து எரிந்தவை தனித்தனியாக மினுக்கத் தொடங்கின. அம்மா வெகுநேரம் பார்த்தாள். ஏதாவது ஆறுதலாகச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"இது எங்கேருந்து எடுத்தது?" என்றாள்.

"எலிக்குட்டி. பொறந்து ஒரு நாள்."

அம்மாவின் பிடி விட்டுப்போனது. திரையிலிருந்து பார்வையை எடுத்து என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "அதோட அம்மா?"

கூண்டில் இருக்கும் என்றேன். பஸ்ஸில் வரும்போது அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். மாம்பழச்சாலையில் பஸ் நின்றபோது, "இந்த வேலைக்கு நடுவுல அந்த மேடம் மதியம் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டிருப்பார்கள் என்றேன். தலையை ஆட்டினாள், கைப்பையைத் திறந்து, மாத்திரை போடத் தண்ணீர் பாட்டிலை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.